ஈஸ்ட் ஹாம் விசா அண்ணா

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஏதாவதொரு தோசைக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் விசா அண்ணாவைத் தவறாமல் பார்க்கலாம். எதிரே இருபத்தைந்து வயதில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். எம்.எஸ்ஸி. முடித்தவன், இரண்டு வருஷ கிராஜுவேட் விசாவில் முக்கால்வாசியைக் கரைத்துவிட்டு, ஸ்பான்சர் தேடி அலைபவன். அண்ணா சாப்பிடும் நெய் ரோஸ்ட்டுக்குக் காசு கொடுக்கப்போவதும் அவன்தான். அண்ணா இதை ஃபீஸாக நினைப்பதில்லை. பதிவு செய்துகொள்ளாமல் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாக நடத்துவது பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நெய் ரோஸ்ட்டைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை.

அண்ணா 2016 கோடையில் வந்து இறங்கியவர். அப்போது ஸ்பான்சரோடு வாங்கும் வேலை விசாவுக்குப் பெயர் டயர் 2 ஜெனரல். குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 20,800 பவுண்டு. அந்த நவம்பரிலேயே அதை 25,000 ஆக்கிவிட்டார்கள். உயர்வதற்குள் உள்ளே வந்துவிட்டதைத் தன் திறமையாகவே அண்ணா இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். ஐந்து வருஷம் முடித்து, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான ஐ.எல்.ஆர். வாங்கினார், அடுத்து பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு விதிகளைப் படிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சொல்வதற்கு மட்டும் காரணம் நிறைய இருந்தது.

"சம்பளம் எவ்வளவு சொல்றான்?"

"முப்பத்தஞ்சாயிரம்ணா."

"தாராளம்டா! நான் வந்தப்ப ஏது இதெல்லாம்?"

பையன் முகம் மலர்கிறது. அவசரப்பட்டு மலர்கிறது. டயர் 2 போய் ஸ்கில்டு வொர்க்கர் விசா வந்தது 2020 டிசம்பரில். 2024 ஏப்ரலில் சம்பள வரம்பு 38,700 பவுண்டுக்குத் தாவியது. 2025 ஜூலை 22 முதல் 41,700. படித்து முடித்துக் கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுகிறவனுக்கு 'நியூ என்ட்ரன்ட்' சலுகை உண்டு. அவனுக்கு வரம்பு 33,400. ஆனால் அதோடு விட மாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் நாலு இலக்கத்தில் ஒரு கோடு உண்டு. சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு 2134. அந்தக் கோடுக்கு அரசு வைத்திருக்கும் ரேட்டில் எழுபது சதவீதமாவது சம்பளம் வர வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. இந்தச் சலுகையும் அண்ணாவுக்குத் தெரியாது, அதற்குள் இருக்கும் கொக்கியும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது 'தாராளம்' மட்டுமே.

ஈஸ்ட் ஹாமில் இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. திறமைக்குப் பாயின்ட் போட்டு விசா கொடுத்த ஹெச்.எஸ்.எம்.பி. திட்டத்தில் வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திட்டம் 2002-இல் தொடங்கி 2008-இல் முடிந்துபோனது. "ஸ்பான்சர் எதுக்கு? பாயின்ட் இருந்தா போதும்" என்பது அவர்கள் கட்சி. கம்பெனி மாற்றலில் வந்தவர்கள், எத்தனை வருஷம் இருந்தாலும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைக்காது என்று சத்தியம் செய்வார்கள். 2010-க்குப் பின் அந்த வழியில் வந்த அவர்களுக்கு அதுதான் நிஜம். எல்லோரும் அவரவர் வந்த வருஷத்தைப் பற்றிச் சத்தியமான உண்மையைத்தான் பேசுகிறார்கள். கேட்கிறவன்தான் வேறு வருஷத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

மருத்துவ சர்சார்ஜ் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணா கையை உதறுவார். "இருநூறு பவுண்டு, அதுக்குப் போய்..." 2016-இல் அது இருநூறுதான். 2024 பிப்ரவரி முதல் பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 776. இதைத் தவணையில் கட்ட முடியாது. விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே வைக்க வேண்டும். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஐந்து வருஷம் என்று போட்டுப் பாருங்கள்: 18,110 பவுண்டு. நம் காசில் இருபது லட்சத்துக்குக் குறையாது. விசாக் கட்டணம் தனி. அண்ணாவை நம்பி ஆயிரம் பவுண்டை ஒதுக்கி வைத்த குடும்பம், ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் வாயடைத்துப் போகும்.

அண்ணாவின் புகழ் உச்சத்தைத் தொட்டதும் சரிந்ததும் தோசை மாஸ்டர் விவகாரத்தில்தான். கடை முதலாளிக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு கைதேர்ந்த மாஸ்டரைக் கொண்டுவர ஆசை. "செஃப் ஷார்டேஜ் லிஸ்ட்ல இருக்குண்ணே, கூட்டிட்டு வாங்க" என்றார் அண்ணா. ஆள் பற்றாக்குறையுள்ள வேலைகளுக்குச் சலுகை தரும் அந்தப் பட்டியலில் செஃப் 2016-இல் இருந்தது உண்மை. அன்றைக்கும் அதில் ஒரு வேடிக்கையான நிபந்தனை இருந்தது: பார்சல் கட்டிக் கொடுக்கிற கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஈஸ்ட் ஹாமில் பார்சல் கட்டாத தோசைக் கடையை எங்கே போய்த் தேடுவது? சாம்பாரை வாளியில் கேட்கிற ஊர் அது. 2019-இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். 2024-இல் ஷார்டேஜ் லிஸ்டையே எடுத்தார்கள். 2025 ஜூலை 22 முதல் விசாவுக்குரிய வேலை பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களைக் கழித்துவிட்டார்கள். கழிந்தவற்றில் செஃப்பும் உண்டு. இதை முதலாளி தெரிந்துகொண்டது அண்ணா மூலமாக அல்ல. அன்றைக்கு நெய் ரோஸ்ட்டில் நெய் குறைந்திருந்ததாகக் கேள்வி.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் அண்ணா வகுப்பெடுப்பார். சென்னையில் டி.பி. டெஸ்ட்டை முதலிலேயே முடித்துக்கொள்ளச் சொல்வார். இது இன்றும் சரி. பேங்கில் பணத்தைத் தொண்ணூறு நாள் அசையாமல் வைக்கச் சொல்வார். இப்போது 1,270 பவுண்டு, இருபத்தெட்டு நாள் போதும், ஸ்பான்சர் பொறுப்பேற்றால் அதுவும் வேண்டாம். "இறங்கினதும் பத்து நாளைக்குள்ள போஸ்ட் ஆபீஸ்ல கார்டை வாங்கிடு" என்பார். அந்தக் கார்டே இப்போது இல்லை. எல்லாம் இ-விசா. 2025 ஜூலை நடுவிலிருந்து வேலை விசாக்காரர்கள் பெரும்பாலோரின் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர்கூட ஒட்டப்படுவதில்லை. பையனின் அம்மா வெற்றுப் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "ஏமாத்திட்டாங்கடா" என்று அழுத வீடுகள் உண்டு. அம்மாவைச் சமாதானப்படுத்த அண்ணாவைக் கூப்பிட்டால், "ஸ்டிக்கர் இல்லையா? அப்ப யோசிக்கணுமே" என்று அவர் பங்குக்கு ஒரு வாளி எண்ணெயை ஊற்றுவார்.

இவ்வளவுக்கும் அவரை யாரும் ஒதுக்குவதில்லை. அதற்கு நியாயம் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் எல்லா விதியும் இலவசமாகக் கிடைக்கிறது. லைசென்ஸ் உள்ள ஸ்பான்சர்களின் முழுப் பட்டியலே அங்கே இருக்கிறது. ஆனால் அந்த இணையதளம் ஹீத்ரோவுக்குக் கார் எடுத்துக்கொண்டு வராது. ஹாலில் மெத்தை போட்டு இரண்டு வாரம் தங்க வைக்காது. அண்ணா இரண்டையும் செய்வார், செய்ததைச் சொல்லிக்காட்டவும் மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணா எந்த வருஷத்துக்கும் பொருந்தும்படி பேசுவார். "ஸ்பான்சர்ஷிப்புக்குக் காசு கேட்டா எழுந்து வந்துடு." சி.ஓ.எஸ். எனப்படும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கணினியில் ஒரு பதிவெண், அவ்வளவுதான். அதற்கான கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று 2024 கடைசி நாளிலிருந்து விதியே வந்துவிட்டது. அதற்கு முன்பு பராமரிப்பு வேலைக்கென்று ஏஜென்டுகளிடம் லட்சக்கணக்கில் கொட்டி வந்தவர்கள் எத்தனையோ பேர். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அந்தத் துறையில் மட்டும் 470-க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் லைசென்ஸ்களை அரசு ரத்து செய்தது. கம்பெனியின் லைசென்ஸ் போனால், வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வழக்கமாகக் கிடைப்பது அறுபது நாள். இப்படி வந்து சிக்கிய இரண்டு பேர் அண்ணாவின் ஹால் மெத்தையில் படுத்திருந்தார்கள். அதனால்தான் இந்த ஒரு பாடம் அவருக்குப் புதிதாகவே இருக்கிறது.

போன மாதம் பையன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். அண்ணாவின் அம்மா லண்டன் வருகிறார். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் வழி 2012 விதிகளோடு அநேகமாக அடைபட்டுவிட்டதால் ஆறு மாத விசிட் விசா. விண்ணப்பத்தை நிரப்பியது அண்ணா இல்லை. காசு கொடுத்து ஒரு சாலிசிட்டரிடம் விட்டிருக்கிறார்.

"நீங்களே ஃபில் பண்ணியிருக்கலாமேண்ணா?"

அண்ணா சட்னியைத் தொட்டுக்கொண்டார். "அம்மா விஷயம்டா. ரூல்ஸ் தெரிஞ்சவங்ககிட்ட போறதுதானே சேஃப்?"