வரிசையில் நிற்கும் அந்த மூணு பேர்

கேள்வி: படூரில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தில் ஒரு வீடு பார்த்தோம். "மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க" என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருப்போரூர்

பதில்: அந்த மூணு பேரும் ஓ.எம்.ஆர். சாலை நெடுகிலும் வருஷக்கணக்காக நிற்கிறவர்கள், கால் வலிக்காது. "அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்" என்று எழுந்து பாருங்கள், விலை தானாகப் பேச ஆரம்பிக்கும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. பேரத்தைக் கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் இடத்தின் கணக்கில் நடத்துங்கள். சூப்பர் பில்ட்-அப் கணக்கில் லிஃப்ட்டுக்கும் மாடிப்படிக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் வக்கீல் பார்க்கட்டும், மச்சான் வேண்டாம்.

ஏரியாவைப் பற்றி? சிறுசேரி சிப்காட் பக்கம் என்று நோட்டீஸ் சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை டீக்கடைக்காரர்தான் சொல்வார். ஐப்பசி அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மே மாதம் இன்னொருமுறை போய், பக்கத்து அடுக்கக வாட்ச்மேனிடம் தினம் எத்தனை தண்ணீர் லாரி என்று கேளுங்கள். "கடல் காத்து வரும் மேடம்" என்றாரா விற்பனையாளர்? வரும். மெயின்டனன்ஸ் பில்லில் சேராதது அது ஒன்றுதான்.