பெட்டியும் வட்டியும்

பங்குச்சந்தைச் செய்தியாளருக்குத் தீராத தொல்லை ஒன்று உண்டு. சந்தை ஏறினாலும் காரணம் சொல்ல வேண்டும். இறங்கினாலும் சொல்ல வேண்டும். ஏறாமல் இறங்காமல் படுத்துக் கிடந்தால், படுத்ததற்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அதுவும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

1990களில் அமெரிக்காவின் சிஎன்பிசி சேனல் இந்தப் பேச்சுப் பஞ்சத்தைப் போக்க ஒரு கைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் வட்டி விகிதக் கூட்டத்துக்கு நடந்து வருவார். கேமரா அவர் முகத்தை விட்டுவிட்டுப் பெட்டியைத் துரத்தும். பெட்டி ஒல்லியாக இருந்தால் வட்டியில் மாற்றமில்லை. பருத்திருந்தால் கட்டுக்கட்டாக ஆதாரங்களோடு வருகிறார், ஏதோ நடக்கப்போகிறது! பின்னாளில் கிரீன்ஸ்பான் தன் நினைவுக் குறிப்புகளில் குட்டை உடைத்தார். மதியச் சாப்பாட்டை உள்ளே வைத்தாரா இல்லையா என்பதைப் பொறுத்ததாம் பெட்டியின் பருமன். அவர் வீட்டுச் சமையலை நம்பிப் பத்திரம் விற்றவர்கள் எத்தனை பேரோ!

இந்தச் சேனலில்தான் மரியா பார்ட்டிரோமோ புகழ்பெற்றார். புரூக்ளினில் அப்பா நடத்திய விருந்து மண்டபத்தில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைத்த பெண். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிப்பு, சிஎன்என்னில் சில ஆண்டுகள், 1993இல் சிஎன்பிசி. 1995இல் நியூயார்க் பங்குச்சந்தையின் தளத்திலேயே நின்று தினமும் நேரலை தந்த முதல் செய்தியாளர் ஆனார். கத்துகிறவர்கள், ஓடுகிறவர்கள், காகிதத்தைக் கிழித்துத் தரையில் வீசுகிறவர்கள் என்று அங்கே நிற்கவே இடமிருக்காது. நடுவில் ஒரு பெண் மைக்கோடு நின்றால் தரகர்கள் ரசிப்பார்களா? இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரும் அசையாமல் நின்று பேசினார்.

இடித்தவர்களைவிட எரிச்சலடைந்தவர்கள் வேறு சிலர். எந்தப் பங்கை வாங்கலாம், எதைத் தள்ளலாம் என்று பெரிய தரகு நிறுவனங்கள் காலைக் கூட்டத்தில் முடிவு செய்து, கட்டணம் கட்டிய வாடிக்கையாளர் காதில் ஓதுவது வழக்கம். அதை மரியா விசாரித்து டிவியில் போட்டு உடைத்தார். காசு கொடுத்து வாங்கிய ரகசியம் சோபாவில் சாய்ந்திருப்பவனுக்கும் ஓசியில் கிடைத்துவிட்டது.

சாய்ந்திருந்தவர்களில் ராமோன்ஸ் இசைக்குழுவின் பாடகர் ஜோயி ராமோனும் ஒருவர். கிழிந்த ஜீன்ஸ், தோல் ஜாக்கெட் போட்ட பங்க் ராக் கலகக்காரர், பங்கு விலை பார்க்க டிவியே கதியென்று கிடந்தார். மரியாவின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டும் எழுதினார். அவர் இறந்தபின் 2002இல் வந்த தொகுப்பில் அது இருக்கிறது.

2006 ஏப்ரல் கடைசியில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர்களின் ஆண்டு விருந்து. பென் பெர்னான்கி ஃபெடரல் ரிசர்வ் தலைவராகி மூன்றே மாதம். இரண்டு நாள் முன்பு நாடாளுமன்றக் குழுவில் அவர் பேசியதைக் கேட்டு, வட்டி ஏறுவது நின்றுவிடும் என்று சந்தை துள்ளியிருந்தது. சந்தை சரியாகத்தான் புரிந்துகொண்டதா என்று விருந்தில் மரியா கேட்டார். இல்லை என்றார் பெர்னான்கி. சனிக்கிழமை இரவுப் பேச்சு, திங்கட்கிழமை வர்த்தகம் முடியும் நேரத்தில் டிவியில் வந்தது. பங்குகள் மளமளவென்று சரிந்தன. சந்தை ஏன் இறங்கியது என்று அன்று மட்டும் மரியா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விருந்தில் வாய்விட்டது தவறுதான் என்று பெர்னான்கி செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். இனி முறையான வழிகளில் மட்டுமே பேசுவேன் என்றும் உறுதி சொன்னார்.

மரியாவுக்குப் பத்திரிகைகள் பாதி கேலியாகச் சூட்டிய பட்டப்பெயர் ‘மனி ஹனி’. இன்னொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். இவரோ 2007இல் அந்தப் பெயரைக் குழந்தைகளின் பொம்மைகளுக்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். பெயர் வைத்தவர்களுக்கு ஈவுத்தொகை கிடையாது.