பழைய கப்சாயும் பாடபேதமும்: பெம்பான் வட்டார மோட்டார் பராமரிப்பு குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

கப்சாய் என்பது நூறு சி.சி.யை ஒட்டிய இயந்திரமும், காலைத் தூக்காமல் நுழைத்து ஏறும்படி தாழ்ந்த உடலும், கையில் கிளட்ச் இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றும் அமைப்பும் கொண்ட ஈருருளி. சொல்லின் முற்பாதி, ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'கப்' என்றால் குட்டி. பிற்பாதி கண்டோனியச் சீனம். அதற்கும் பொருள் குட்டிதான். ஆகவே தமிழிலக்கணப்படி இது ஒருபொருட்பன்மொழி. அந்தக் குட்டியின் இனம் 2017க்குள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது என்பதால், பெயரை இருமுறை சொன்னதில் பிழையில்லை.

ஆய்வுக் களம் மலாக்கா மாநிலம் ஜாசின் மாவட்டத்துப் பெம்பானும் அதைச் சுற்றிய தோட்டங்களும். இங்கே பழைய மோட்டார் என்றால் பத்துக்கு ஏழெட்டுப் பேரின் கண்முன் வருவது ஹோண்டா இஎக்ஸ்5. மலேசியாவில் அது வெளிவந்தது 1987இல். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். இரண்டுக்கும் சரியாக நூறாண்டு இடைவெளி. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் பழைய மோட்டார் வாங்கிப் பார்க்காதவர்கள். வாங்கியவருக்குத் தெரியும்: பலர் கைபட்ட வண்டியும் பலர் பிரதியெடுத்த ஏட்டுச்சுவடியும் ஒரே சாதி. இரண்டிலும் மூலபாடம் கொஞ்சம், இடைச்செருகல் அதிகம், கடைசி ஏடு காணவில்லை.

ஆகவே புது உரிமையாளரின் முதல் கடமை ஓட்டுவதன்று, பதிப்பிப்பது. 'புது உரிமையாளர்' எனும்போது வண்டிக்கு அவர் மூன்றாமவரோ ஐந்தாமவரோ. அவருக்குத்தான் வண்டி முதலாவது. வயது பெரும்பாலும் இருபதுக்குள். முன்னும் பின்னும் புது ஓட்டுநருக்கான 'பி' எழுத்தை ஒட்டிக்கொண்டு இரண்டாண்டு திரிய வேண்டியவர்.

மூலபாடமும் இடைச்செருகலும்

மூலபாடம் எனத் துணிந்து கொள்ளத்தக்கவை இரண்டே: உடலில் பொறித்த சேசிஸ் எண், இயந்திரத்தில் பொறித்த எண். இவ்விரண்டும் வண்டியின் கெரானில், அதாவது பதிவுச் சான்றில், உள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் அது பாடபேதமன்று, போலீஸ் விவகாரம். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுவது முறை. எண்ணைச் சுற்றி இரும்பு தேய்க்கப்பட்டிருந்தாலும் அப்படியே. எண்கள் ஒத்தபின், பழைய சம்மன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்ற வாக்கியத்தில் 'அப்புறம்' என்பது காலங்காட்டாத இடைச்சொல்.

விற்பவர் சொல்லும் உரை வட்டாரமெங்கும் ஏறத்தாழ ஒரே பாடமாக வழங்குகிறது. "நல்ல மோட்டார் தம்பி. தோட்டத்து வேலைக்குப் போய்வர மட்டுந்தான் ஓட்டுனேன். வெளிய எடுத்ததே இல்ல." இதில் முதல் வாக்கியம் வாழ்த்து. மூன்றாவது உயர்வுநவிற்சி. இரண்டாவது மட்டும் ஆய்வுக்குரியது; ஏனெனில் அதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறார்கள், உண்மையில் அது வாக்குமூலம். தோட்டத்து வேலைக்குப் போய்வந்த வண்டி, விடியுமுன் பனியில் உதைத்துக் கிளப்பப்பட்டு, சூடேறுமுன் செம்மண் சாலையில் முறுக்கப்பட்டு, ஒருநாள் ஒட்டுப்பால் மூட்டையையும் மறுநாள் செம்பனைக் கத்தியின் நீண்ட கம்பையும் சுமந்த வண்டி. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய வண்டியைவிட அது அதிகம் தேய்ந்திருக்கும்.

எவ்வளவு ஓடியது என்று மீட்டரைக் கேட்பதில் பயனில்லை. கேபிள் அறுந்து முள் படுத்திருக்கும். காலக்கணிப்புக்குத் துணையாவது டயரின் பக்கவாட்டுக் கல்வெட்டு. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்த டயர். விற்பவர் "போன மாசம்தான் மாத்துனேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கையில் குனிந்து இதைப் படிப்பது, ஓலைச்சுவடி ஆய்வில்கூடக் கிட்டாத இன்பம்.

இடைச்செருகல்கள் பார்வைக்கே தெரியும். வேறொரு வண்டியின் கார்புரேட்டர், ஊருக்கே கேட்கும் புகைக்குழாய், வேகத்துக்காக மாற்றிய ஸ்ப்ராக்கெட், எந்த விளக்குக்கும் போகாமல் டேப் சுற்றித் தொங்கும் ஒயர். முன்னிருந்த ஏதோவோர் இளைஞனின் கவிதை இது. பதிப்பாசிரியர் கவிதையை ரசிக்கலாம். ஆனால் புகைக்குழாயை மூலத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

உரையாசிரியர்கள்

மோட்டார் கடையில் ஸ்பேனர் பிடிப்பவரை இங்கே போமன் என்பர். ஆங்கில ஃபோர்மன் மலாய் வாயில் தேய்ந்து அவ்வாறானது. மேற்பார்வையாளர் என்ற பொருள் உதிர்ந்து, கைக்கரி மட்டும் மிஞ்சியது. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பார்கள். பெம்பானில் ஒரு கப்சாய் புகைத்தால் உரை சொல்ல வருவோர் அதற்குக் குறைய மாட்டார்கள். அவர்களில் பரிமேலழகர் யார் என்பதே சிக்கல். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபடியே "ரிங் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லும் அங்கிள் பரிமேலழகர் அல்லர். பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் வாய் திறக்காத போமனே அவர். கழற்றிய பழைய சாமானைக் கேளாமலே உரிமையாளர் கையில் கொடுப்பவர் என்றால், அவரைவிட்டு வேறு கடைக்குப் போகலாகாது.

எழுத்ததிகாரம்

தமிழில் எழுத்தென்பது முதலில் ஒலி. மோட்டாரிலும் அப்படியே. 'டக்டக்' என்று தலைப்பகுதியில் எழும் வல்லினம் வால்வு இடைவெளி கூடியதைக் காட்டும். இவ்வகை இயந்திரத்தில் அந்த இடைவெளி 0.05 மி.மீ.; எஞ்சின் நன்றாக ஆறியபின்தான் அளக்க வேண்டும், அதுவும் முதல் தடவை போமன் கையால். 'ம்ம்ம்' என்று வேகத்தோடு உயரும் மெல்லினம் சக்கரத்து பேரிங். மெல்லினம் என்பதாலேயே அதைப் பலரும் மாதக்கணக்கில் கேளாதிருப்பர். 'சளசள' எனும் இடையினம் சங்கிலி.

இவற்றினும் நுட்பமானது குற்றியலுகரம். ஜாசின் போகும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது 'துடுதுடு' என்று சீராக ஒலிக்க வேண்டிய வண்டி, கடைசி உகரத்தின் மாத்திரை குறைந்து குறைந்து, பச்சை விழும் கணத்தில் அணைந்துவிடும். ஐடில் திருகைச் சிறிது முறுக்குவது தற்காலிக மருந்து. நோய் கார்புரேட்டரின் சிறு ஜெட்டில் இருக்கிறது: நாள்பட நின்ற பெட்ரோலின் பிசின் அதன் துளையை அடைத்திருக்கும். ஜெட்டைக் கழற்றி கிளீனர் அடித்து ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை அகலும்; அகன்றால் பெட்ரோல் பாலாய் ஓடும்.

எண்ணெய்ப் படலம்

எஞ்சின் எண்ணெய்க்கு மலாயில் 'மின்யாக் ஈத்தாம்', அதாவது கறுப்பெண்ணெய். புதிதாக ஊற்றும்போது அது தேன் நிறம். நாளை ஆகப்போவதை இன்றே பெயராக வைத்த ஆகுபெயர் இது. வேறெந்தப் பொருளுக்கும் அதன் கெட்ட நாளை வைத்துப் பெயரிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பெயரிலேயே அறிவுரை இருக்கிறது.

கப்சாய்க்குள் செல்லும் எண்ணெய் முக்கால் லிட்டர் சுமார். இந்த முக்கால் லிட்டர்தான் பிஸ்டன், கேம், கியர், கிளட்ச் எல்லாவற்றையும் நனைத்துக் காக்கிறது. காரில் கியருக்குத் தனி எண்ணெய். இங்கே ஒரே பானைச் சோறு. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, கொஞ்சம் குறைந்தாலும் பெருங்கேடு: கால் லிட்டர் போனால் மூன்றிலொரு பங்கு போயிற்று. மற்றது, வீட்டில் மிஞ்சிய கார் எண்ணெயை ஊற்றலாகாது. வழுக்கலுக்காக அதில் சேர்த்திருக்கும் மருந்து கிளட்ச் தட்டையும் வழுக்கவைக்கும்; எஞ்சின் கத்தும், வண்டி நகராது. போத்தலின் முதுகில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது போதும்.

அளவு பார்க்கும் சடங்கில் தவறாதவர் அரிது. வண்டியை நடு ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் ஓட்டி அணைத்து, எண்ணெய் கீழிறங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். மூடியோடு சேர்ந்த அளவுக்குச்சியைக் கழற்றித் துணியில் துடைத்து, திரும்ப நுழைக்க வேண்டும். முறுக்காமல், மேலே சும்மா வைத்தாற்போல். முறுக்கினால் குச்சி ஆழமாய்ப் போய், இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும். எடுத்தால் நுனியில் இரு கோடுகள். ஈரம் அவற்றுக்கிடையே நின்றால் நலம். கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றால் அன்று மலாக்கா போகும் திட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். நிறம் கறுப்பானால் மாற்றும் நாள் நெருங்கிற்று. பால் தேநீரான தே தாரிக்கின் நிறமானால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அடைமழையில் வெள்ளத்தைக் கடந்து வந்த வண்டிகளில் இதைக் காணலாம். அந்த நிலையில் வண்டியை ஒருநாள்கூட ஓட்டலாகாது.

பழைய வண்டிக்கு 1,500 முதல் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வாங்கிய அன்றே ஒருமுறை மாற்றிவிட வேண்டும், விற்பவர் எத்தனை சத்தியம் செய்திருந்தாலும். சூடாக்கி, அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, ஒழுகவிட்டு, வாஷரைப் பார்த்து, போல்ட்டை முதலில் விரலால் மட்டும் ஏற்ற வேண்டும். ஸ்பேனரை எடுத்ததும் பலம் காட்டுபவர்கள் அலுமினிய மரையைத் தின்றுவிடுவர். பெம்பானில் அதற்கு மருந்து புது எஞ்சின் கேஸ்தான் என்பது போமன்களின் ஒருமித்த உரை. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், வந்த போத்தலிலேயே நிரப்பிக் கடையில் கொடுக்க வேண்டும்.

சங்கிலியும் டயரும்

இஎக்ஸ்5இன் சங்கிலி முழு உறைக்குள் ஒளிந்திருக்கும். செம்மண்ணிலிருந்து காக்க அமைந்த உறை, நடைமுறையில் உரிமையாளரின் பார்வையிலிருந்தே அதிகம் காக்கிறது. உறையில் ஒரு ரப்பர் அடைப்பு உண்டு. அதை நெம்பி, விரல் விட்டு, சங்கிலியின் நடுவை மேலும் கீழும் அசைத்தால் ஓர் அங்குலம் சுமார் ஆட வேண்டும். அதிகமானால் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இருபக்கத் திருகையும் ஒரே கோட்டுக்கு இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சக்கரம் கோணும், வண்டி நண்டுபோல் நடக்கும். சங்கிலிப் பூட்டின் கிளிப்பில் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும்; திறந்த முனை முன்னே நின்றால் ஏதேனும் தட்டிக் கழன்றுவிடும். சங்கிலி மட்டும் மாற்றி ஸ்ப்ராக்கெட்டை விடுவது, கிழிந்த வேட்டிக்குப் புதுக் கரை தைப்பது போன்றது.

டயர் விஷயத்தில் இவ்வட்டாரத்துக்கு ஒரு தனியுரிமை உண்டு. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப்பயிராக நட்டார். மலாயாவில் வணிக ரப்பரின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அடுத்து ஜாசின் மாவட்டத்து அசகான் பக்கம் பெருந்தோட்டம் எழுந்தது. உலகச் சக்கரங்களுக்கெல்லாம் இங்கிருந்து பால் போயிற்று, வெட்டியவர்களில் தமிழர் பெரும்பகுதி. அத்தகைய மண்ணில் மொட்டை டயரோடு திரிவது வரலாற்றுக்குச் செய்யும் அவமரியாதை. காற்று முன்னே 29, பின்னே 33 பிஎஸ்ஐ சுமார். பின்னால் ஆள் ஏறினால் இன்னும் கூட. பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சங்கிலி உறையில் ஒட்டிய அட்டவணை உரிந்திராவிட்டால் அதுவே பிரமாணம்.

பிரேக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கர டிரம்மில் ஓர் அம்பும் ஒரு கோடும் உள்ளன. மிதியை முழுக்க அழுத்தும்போது அம்பு கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ தீர்ந்தது. கம்பியை இழுத்து இறுக்குவது ஏமாற்று. மழையில் நனைந்த டிரம் முதல் சில மீட்டர்களுக்குப் பிடிக்காது. மெதுவாக அழுத்தியபடி ஓட்டிக் காயவைக்க வேண்டும். பிளக்கின் நுனி செங்கல் பழுப்பாக இருந்தால் நலம், கரிபடிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் காற்று மிகுதி, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. காற்று வடிகட்டியைத் திறந்தால் தோட்டத்துச் சாலையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே கிடக்கும். பேட்டரி செத்தாலும் உதைகோல் இருக்கும்வரை கவலையில்லை.

ஒழிபு

எஞ்சியவை சில. 150 சி.சி.க்கு உட்பட்ட மோட்டாருக்கு ரோட்டாக்ஸ் பல்லாண்டு ஆண்டுக்கு 2 வெள்ளியாக இருந்தது. 2022 முதல் அதுவும் விலக்கப்பட்டது. காப்புறுதி விலக்கப்படவில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் சாலைத் தடுப்பில் தெளிவடைகின்றனர்.

சீட்டுக்கடியில் ஒரு சிறு கருவிப் பையும் அதில் ஒரு பிளக் ஸ்பேனரும் இருக்க வேண்டும். ஆய்வாளர் கண்ட பழைய வண்டிகளில் பை இருந்தது, ஸ்பேனர் இல்லை. யாரோ இரவல் வாங்கியிருக்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதை யாருக்கும் தரலாகாது.