‘புத்தகம் மாதிரி வராது சார்’ எனும் கூற்று: கிளை நூலக ஊழியரின் திரைத் திறனாய்வு மரபு – ஒரு முன்னாய்வு

0. ஆய்வுத் தேவை

நாவல் படமாகும்போது கெடுகிறதா, தேறுகிறதா என்று எழுதியோர் பலர். இரவல் மேசையில் உட்கார்ந்து அதையே நாள் முழுக்கப் பேசும் ஊழியர்களைப் பற்றி எழுதியோர் இலர். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. (இடைவெளி கிடைக்காவிட்டால் முதலில் அதை உண்டாக்க வேண்டும் என்பது ஆய்வுலக மரபு.)

1. களம்

டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, திரைப்படம் 791.43. இவ்விரு அடுக்குகளுக்கும் நடுவே எங்கள் கிளையில் நாளிதழ் மேசையும் ஓடாத மின்விசிறியும் உள்ளன. ஒப்பாய்வு நிகழ்வது அங்கேதான். எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ கேட்டு வருபவரிடம் “பேசாம படத்தையே பாத்துடுங்களேன்” என்னும் ஊழியர் இவ்விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவர்.

2. வகைப்பாடு

2.1 படித்தவர், பார்க்காதவர். ‘மோகமுள்’ 1995இல் படமாக வந்தது இவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை; எட்டினாலும் நம்பமாட்டார்.

2.2 பார்த்தவர், படிக்காதவர். “அசுரன் கதை இருக்கா?” என்று கேட்ட வாசகருக்கு இவர் தேடிக் கொடுத்தது ஆனந்த் நீலகண்டனின் ‘அசுரன்’. அது ராவணன் கதை. படத்துக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ பின் அடுக்கில் சும்மா கிடந்தது. புத்தகத்தைத் திருப்பித் தந்த வாசகர், “தனுஷ் வர்ற இடமே வரலியே சார்” என்றார். “படத்துக்காக மாத்தியிருப்பாங்க” என்றார் ஊழியர். தழுவல் கோட்பாடு முழுவதும் இவ்விடையில் அடங்கும்.

2.3 இரண்டும் அறிந்தவர். பேசமாட்டார், எனவே தரவு இல்லை.

2.4 இரண்டும் அறியாதவர். ஆய்வின் உயிர்நாடி இவரே. எங்கள் கிளையின் நூலக உதவியாளர் படிப்பதில்லை, பார்ப்பதில்லை; திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கில் சொருகுவார். 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதி ஐந்து பாகமான ‘பொன்னியின் செல்வன்’ கதையை மணி ரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டே படமாக முடித்தது ஏன் என்ற வினாவுக்கு அறிஞர்கள் திரைமொழி, காலச்சுருக்கம் என்றெல்லாம் விடை சொல்லக்கூடும். உதவியாளர் முதல் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாவது முதுகு பிய்ந்து, காக்கித்தாள் ஒட்டி, மறுபடியும் பிய்ந்தது. ஐந்தாவது திறக்கும்போது மொடமொடவென்றது. “ஒண்ணாம் பாகம் எடுத்துட்டுப் போறவங்கள்ல பாதிப்பேரு அஞ்சுக்கு வர்றதே இல்ல சார். டைரக்டரு இந்தச் சீட்டப் பாத்திருப்பாரு.”

(காண்க: முதல் பாகம், பின்னட்டை உட்புறம், தேதிச் சீட்டு, காபிக் கறைக்குத் தெற்கே. மேலும் காண்க: மூன்றாம் பாகம், ஓரக்குறிப்பு, ‘நந்தினி பாவம்’, பென்சில், அதற்கு மறுப்பு, நீல மை, மறுப்புக்கு மறுப்பு, சிவப்பு மை, கையெழுத்து ஆசிரியருடையது போல் உள்ளது, மூன்றையும் அழிக்க முயன்ற ரப்பர், காலம் தெரியவில்லை, ரப்பர் கிழித்த ஓட்டையின் வழியே அடுத்த பக்கத்து வந்தியத்தேவன்.)

படிக்காமலும் பார்க்காமலும் முடிவுக்கு வரும் இம்முறை புதியதன்று. பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுதிகளில் இது நன்கு வேரூன்றியுள்ளது. (பன்னாட்டுக் கருத்தரங்கம்: பக்கத்து மாவட்டத்திலிருந்து இருவர் வந்திருந்த நிகழ்ச்சி.) வேறுபாடு ஒன்றுதான். உதவியாளர் புத்தகத்தைக் கையிலாவது எடுத்திருக்கிறார்.

3. பரிந்துரைகள்

3.1 கதை உரிமை வாங்குமுன் தயாரிப்பாளர்கள் தேதிச் சீட்டைப் பார்வையிடுக.

3.2 மேற்படி உதவியாளரை முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அமர்த்துக. ஆய்வேட்டைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். முதுகைத் தடவியே எத்தனை பேர் படித்தார்கள் என்று சொல்லிவிடுவார். நெறியாளர் உட்பட.