பன்னிரண்டு மணிப் பஞ்சாயத்து

ரோமாபுரியில் ஒரு காலத்தில் நடுப்பகல் என்பது தானாக வருவதில்லை. அதற்கென்று ஓர் ஆள் இருந்தான். கான்சல் என்ற தலைமை அதிகாரியின் சேவகன். செனட் மண்டப வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். பிரசங்க மேடைக்கும் வெளிநாட்டுத் தூதர்கள் காத்துக்கிடக்கும் மேடைக்கும் நடுவில் சூரியன் வந்ததும், உச்சிவேளை ஆயிற்று என்று தொண்டை கிழியக் கத்துவான். சாயங்காலம் சூரியன் சிறைச்சாலைப் பக்கம் சாய்ந்ததும் இன்னொரு கத்தல். மேகமூட்டமான நாளில் இரண்டுமே கிடையாது. அன்றைக்குச் சம்பளம் பிடித்தார்களா என்பதை மட்டும் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைக்கவில்லை. மற்றதெல்லாம் அவர் சொன்னதுதான்.

இந்தக் கத்தலுக்கு இத்தனை மரியாதை வந்தது கோர்ட்டால். ரோமின் பழைய சட்டப்படி வாதியும் பிரதிவாதியும் உச்சிவேளைக்குள் ஆஜராக வேண்டும். ஒருத்தர் வரவில்லையென்றால், உச்சி சாய்ந்ததும் வந்தவர் பக்கம் தீர்ப்பு. எதிராளி சந்து முனையில் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாலும் சரி. ஆக, ஒரு நாளை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாக வெட்டியதில் வானியலுக்கு இருந்த அக்கறையைவிட வக்கீல்களுக்கு இருந்த அக்கறை அதிகம்.

கி.மு. 263-இல் மானியஸ் வலேரியஸ் மெசாலா என்ற கான்சல் சிசிலித் தீவின் கட்டானியாவைப் பிடித்தார். பிடித்த கையோடு அங்கிருந்த சூரியக் கடிகாரத்தையும் பெயர்த்துக் கொண்டுவந்து ரோமின் நடுச் சதுக்கத்தில் நட்டார். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. சூரியக் கடிகாரம் என்ன அம்மிக்கல்லா, எந்த வீட்டில் போட்டாலும் அரைக்க? கட்டானியாவுக்கென்று கீறிய கோடுகள், நாலு டிகிரிக்கு மேல் வடக்கே இருக்கும் ரோமுக்கு ஒத்துவரவில்லை. ரோமானியர்கள் அதற்கெல்லாம் அசரவில்லை. 99 வருஷம் அந்தத் தப்புக் கல்லைப் பார்த்தே உலகத்தை ஆளக் கிளம்பினார்கள். கி.மு. 164-இல்தான் குவின்டஸ் மார்சியஸ் பிலிப்பஸ் அதன் பக்கத்தில் சரியான ஒன்றை வைத்தார்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. சூரியக் கடிகாரத்தை வடக்கு தெற்காக நேரே நிறுத்திவிட்டால், அது எந்த ஊருக்குச் செய்ததாக இருந்தாலும் உச்சிவேளையை மட்டும் சரியாகக் காட்டும். அதாவது சேவகன் ஏற்கெனவே கத்திச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரே நேரத்தைத்தான், போர் நடத்திக் கொண்டுவந்த கல்லும் ஒழுங்காகச் சொல்லியிருக்கும்.

பகலைப் பன்னிரண்டாகப் பங்கு போடும் பழக்கம் எகிப்திலேயே இருந்தது. ரோமானியர்களும் அதே பங்குதான். ஆனால் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதுவரை பன்னிரண்டு என்பதால், ஒரு மணி என்பது கோடையில் 75 நிமிஷம், குளிர்காலத்தில் 45. கூலிக்காரனுக்கு எந்தப் பருவம் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கில் நடுப்பகல் ஆறாம் மணி. பன்னிரண்டாவது மணி முடிந்தால் இருட்டிவிடும். பழைய ரோம நாடகத்தில் வரும் ஒரு சாப்பாட்டு ராமன், மணியைக் கண்டுபிடித்தவனையும் சூரியக் கடிகாரத்தை ஊருக்குள் கொண்டுவந்தவனையும் சேர்த்துச் சபிக்கிறான். வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்ட மனுஷன் கல்லைக் கேட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்றே என்ற வயிற்றெரிச்சல்.

வயிற்றுக்காரர்கள் பிற்பாடு பழிவாங்கினார்கள். மடாலயத் துறவிகளுக்கு விரத நாளில் ஒன்பதாம் மணி ஜெபம் முடிந்தால்தான் சாப்பாடு. ஒன்பதாம் மணி என்றால் இன்றைய மூன்று மணி வாக்கில். அதுவரை பசி தாங்குமா? நூற்றாண்டுகள் போகப்போக அந்த ஜெபம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து நடுப்பகலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலேயன் இன்றைக்கும் நடுப்பகலை ‘நூன்’ என்று அந்த ஒன்பதின் பெயரால்தான் கூப்பிடுகிறான்.

அப்புறம் மணிக்கூண்டு வந்தது. 1336-இல் மிலான் நகரத்துக் கோபுர மணி ஒன்று முதல் 24 வரை அடித்தது. கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 300 அடி. இத்தாலியில் சூரியன் மறைவதோடு நாள் முடியும் என்பதால் அந்த 24 அடியும் அஸ்தமனத்தில் விழும். பத்தொன்பதா இருபதா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாராவது தும்மினால் தீர்ந்தது. ஆல்ப்ஸுக்கு வடக்கே இருந்தவர்கள் இரண்டு பன்னிரண்டாக அடித்து 156-இல் முடித்துக்கொண்டார்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஒரே எண் தினமும் இரண்டு தடவை வரும் வம்பும் அதோடு சேர்ந்தே வந்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஊரெல்லாம் பன்னிரண்டு அடிக்கும்போது அங்கே ஒன்று அடிக்கும். 1798 வரை அப்படியே ஓட்டினார்கள்.

கப்பல்காரர்கள் கதை தனி. கப்பல் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று பார்க்க உச்சிச் சூரியனை அளப்பார்கள். நாளும் அங்கேயே தொடங்கும். அளந்து முடித்த அதிகாரி கேப்டன்முன் வந்து, “பன்னிரண்டு மணி, ஐயா” என்பார். “அப்படியே ஆகட்டும்” என்று கேப்டன் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மணி அடிப்பார்கள். கேப்டன் வாய் திறக்காதவரை சூரியன் எவ்வளவு உச்சியில் நின்றாலும் நடுப்பகல் இல்லை. ரோமச் சேவகனாவது சூரியன் சொன்னதைக் கத்தினான். இவர் சூரியனுக்கே உத்தரவு கொடுத்தார்.

வானியலாளர்களுக்கும் நடுப்பகலில்தான் நாள் தொடக்கம், ஆனால் எதிர்ப்பக்கம்: ஊர்த் தேதிக்கு மாலுமி அரை நாள் முன்னே, பண்டிதர் அரை நாள் பின்னே. ஜனவரி 1 காலையில் லண்டன் கடைக்காரனுக்கு ஜனவரி 1, தேம்ஸ் நதியில் நிற்கும் மாலுமிக்கும் ஜனவரி 1, கரைமேல் கிரீன்விச் ஆய்வுக்கூடத்துப் பண்டிதருக்கு இன்னும் டிசம்பர் 31. சாப்பிட்டுக் கை கழுவியதும் பண்டிதர் ஜனவரி 1-க்கு வந்துவிடுவார். மாலுமி அதற்குள் ஜனவரி 2-க்குப் போயிருப்பான். பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கூத்தை 1805-இல் விட்டது. 1884-இல் வாஷிங்டனில் 25 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாரும் நள்ளிரவில் நாளைத் தொடங்குங்கள் என்று வேண்டிக்கொண்டார்கள். பண்டிதர்களோ, ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்கிறவன் நட்ட நடுவில் தேதியை மாற்றுவதா என்று பிடித்த பிடியை 1925 வரை விடவில்லை. எனக்கென்னவோ அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

அந்த வாஷிங்டன் மாநாட்டின் பின்னணியில் ஒரு தவறவிட்ட ரயிலும் உண்டு. 1876-இல் அயர்லாந்தில் சான்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் என்ற கனடா ரயில்வே என்ஜினீயர் சாயங்கால வண்டிக்காக ஸ்டேஷனுக்கு வந்தார். அட்டவணையில் ஏ.எம். என்று இருக்கவேண்டிய இடத்தில் பி.எம். என்று அச்சாகியிருந்தது. வண்டி விடியற்காலையிலேயே போய்விட்டது. வேறொருவராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். இவர் உலகம் முழுவதற்கும் 24 மணிக் கணக்கு வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நம் ரயில்வே டிக்கெட்டிலும் 24 மணிக் கணக்குதான். அப்படியும் 15-ஆம் தேதி 00:10 வண்டிக்கு 15-ஆம் தேதி ராத்திரி மூட்டை முடிச்சோடு எழும்பூர் வந்து நிற்கிறவர்களை ஃப்ளெமிங்காலும் காப்பாற்ற முடியாது.

ஏ.எம்., பி.எம். என்றால் லத்தீனில் உச்சிக்கு முன், உச்சிக்குப் பின். உச்சியே உச்சிக்கு முன்னாலா, பின்னாலா? ஜப்பானியர்கள் 1872 அரசாணையில் நடுப்பகலை முற்பகல் 12 என்று எழுதிப் பிரச்சினையை முடித்தார்கள். அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடும் நடுப்பகலை 12 ஏ.எம். என்றே சொல்லிவந்தது, 2008 பதிப்பில் தடாலென்று தலைகீழாக்கி, அதை நள்ளிரவுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்த வம்புக்கே போவதில்லை. பாலிசி ராத்திரி 12:01-க்கு அமலுக்கு வரும் என்று எழுதிவிடுவார்கள். புதிதாகப் பாலிசி எடுத்தவர் வீடு சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தீப்பிடித்தால், ஒரு நிமிஷம் பொறுத்துப் பற்றிக்கொள்ளும்படி நெருப்பிடம்தான் அவர் கெஞ்ச வேண்டும்.