முனகும் பம்ப்

கேள்வி: என் 1967 ஷெவர்லே இம்பாலாவின் பவர் ஸ்டீயரிங் பம்ப் ஒழுகுகிறது, முனகுகிறது. புதிது வாங்கிவிடலாமா?

பதில்: முனகுகிறார் என்பதற்காகத் தாத்தாவையே மாற்றுவார்களா? எண்ணெய் குறைந்து காற்று புகுந்தாலே முனகல் வரும். ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன ஷாஃப்ட் சீலும் ஓ-ரிங்குகளும்தான். ஒரு சீல் கிட் போதும். உள்ளே தகடுகள் உரசி ஓடும் வளையத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால்தான் வேறு பம்ப். புல்லியைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியலைப் பூட்டி வையுங்கள். மாட்டும்போது பெல்ட்டை இறுக்குகிறேன் என்று தகரத் தொட்டியில் கம்பி கொடுத்து நெம்பவே நெம்பாதீர்கள், நசுங்கி மறுபடி ஒழுகும். எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை மெதுவாகத் திருப்புங்கள். குமிழி அடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்யலாம்.