யார் சார் கை வச்சது?

தமிழகத்துச் சாலையோரங்களில் டீக்கடையும் மர நிழலும் சேர்ந்திருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓர் இருசக்கர வாகன மெக்கானிக்கும் இருப்பார். இவ்வினத்தாருள் கைத்திறனால் பிழைப்பவர்களே மிகுதி என்பதையும், அவர்களைப் பற்றிச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். இங்கு ஆராயப்படுபவர் காதால் பிழைப்பவர்.

அவருக்குப் படியளப்பது டைமிங் செயின். பிஸ்டனால் சுழலும் கிராங்க் தண்டையும், என்ஜினின் தலையில் இருந்து வால்வுகளைத் திறந்துவிடும் கேம் தண்டையும் பிணைக்கும் இச்சங்கிலி, கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று மட்டுமே சுற்றும்படி கணக்குத் தவறாமல் பார்த்துக்கொள்கிறது. ஆயில் மாற்றாமலே ஓட்டப்படும் வண்டியில் கண்ணிகளை இணைக்கும் பின்கள் தேய்ந்து செயின் நீள்கிறது. தளர்வை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரும் ஓய்ந்துவிட்டால் 'கடகட' என்ற ஓசை எழுகிறது. அதையும் பொருட்படுத்தாவிடில் செயின் பல் தாண்டலாம், அறுந்தும் போகலாம், அப்போது பல என்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வின்மீது பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கேம் திறந்துவிடும் வால்வும் இல்லை, கேமும் இல்லை, ஆகவே இந்தச் செயினும் இல்லை. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வகை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகிய பிறகே இவ்வருவாய் வழி திறந்தது.

வண்டி வந்து நின்றதும் அவர் நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை என்ஜின்மீது ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடுகிறார். இது நல்ல மெக்கானிக்குகளும் கையாளும் உண்மையான சோதனைதான். ஆனால் அவர்கள் ஓசையைக் கேட்கிறார்கள், இவரோ வண்டிக்காரரின் மூச்சைக் கேட்கிறார். வால்வை அழுத்தும் டேப்பட்டின் இடைவெளி சற்றுக் கூடினாலும் ஏறத்தாழ இதே ஓசை வரும், அதைச் சரிசெய்வது சிறு வேலை என்பது அவருக்குத் தெரியாததன்று. கண் திறந்ததும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி யார் சார் கை வச்சது?"

அக்கேள்விக்குப் பிறகு மதிப்பீடு தானாக வளர்கிறது. செயின் என்று தொடங்கியது டென்ஷனராகி, சிலிண்டரைக் கழற்றி பிஸ்டனும் ரிங்கும் மாற்றும் 'ஹாஃப் என்ஜின்' வேலையாகி, லேத்துக்குப் போய் சிலிண்டரைக் கடைந்து 'போர்' போடுவதில் நிற்கிறது. பழைய செயினைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தும் அபூர்வமான வாடிக்கையாளருக்கென, மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் பழைய செயின்கள் சில ஊறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்துக் காட்டினால் அது வில்லாக வளைந்து தொங்கும். அது எந்த வண்டியின் செயின் என்பதை அந்த டப்பாவே அறியும்.

செயினைப் பூட்டும்போது கிராங்கின் முனையில் சுழலும் மேக்னெட்டில் உள்ள 'டி' குறியைக் கவரின் குறிக்கும், கேம் பல்சக்கரத்தின் குறியைத் தலைப்பகுதியின் குறிக்கும் நேராக நிறுத்த வேண்டும். இவரோ தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கி மைத்துனரோடு நிலத்தகராறு பேசியபடியே அவற்றை நிறுத்துகிறார். ஒரு பல் பிசகிய வண்டி உதைத்தால் எழாது, எழுந்தால் இழுக்காது, சைலன்சரில் வெடிக்கும். "புது செயின்ல சார், செட்டாக ஐந்நூறு கிலோமீட்டர் ஆகும்" என்கிறார். புதிதாகப் போர் போட்ட என்ஜினைச் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்குவது முறை; அந்த முறையைத்தான் அவர் செயினுக்கும் கடனாக வாங்கிக்கொண்டார்.

ஐந்நூறு கிலோமீட்டரை எப்படியோ கடந்து வண்டி தள்ளிக்கொண்டு வரப்படுகிறது. ஸ்க்ரூ டிரைவர் காதுக்குப் போகிறது, கண் மூடித் திறக்கிறது.

"யார் சார் இதுல கை வச்சது?"

"நீங்கதாண்ணே."

கணப்பொழுது மௌனத்துக்குப் பின் அவர், போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பையனின் பக்கம் திரும்புகிறார்.

"ஏண்டா, அன்னிக்கே உன்கிட்ட சொன்னேன்ல?"